கல்லை உருக்கி வார்ப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வசிக்கும் மாணவர்களுக்குத் தோல் ஷாப்பின் உப்பைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழுகாமல் இருப்பதற்காக உப்பிட்ட தோல்கள் வந்து இறங்குகின்றன. பதனிடுமுன் அவற்றைத் தண்ணீரில் ஊற வைத்து அலசும்போது உப்பெல்லாம் நீரில் இறங்கிவிடுகிறது. இந்த உப்பு நீரை அகலமான, ஆழமில்லாத தொட்டிகளில் விட்டு வெயிலில் காய வைப்பது இப்பகுதியில் நெடுநாளாக இருந்து வந்த வழக்கம். அப்படிக் காய்ந்த தொட்டியில் படிந்த உப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். நீர் மெதுவாக வற்றிய இடத்தில் சர்க்கரைக் கற்கண்டு போல முனை மழுங்காத சதுரக் கட்டிகள் இருக்கும். வெயிலில் சட்டென்று காய்ந்த விளிம்பில் மாவு போன்ற பொடி ஒட்டியிருக்கும். உப்பு ஒன்றுதான், தொட்டியும் ஒன்றுதான். காய எடுத்துக்கொண்ட நேரம்தான் வேறு.

திரவத்திலிருந்து பிரியும் பொருள் பெரிய படிகமாக வளருமா, சிறு படிகங்களாகச் சிதறுமா, படிகமே ஆகாமல் நின்றுவிடுமா என்பது நாம் அதை நடத்தும் விதத்தைப் பொறுத்தது. உப்புத் தொட்டியில் இது எப்படிப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 1800 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உருக்கிய கல்லை அச்சில் ஊற்றி ஒரு டன் எடையுள்ள பாளமாக உறைய வைக்கும் தொழிலில், எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. படிகம் தவறினால் பாளம் வெடிக்கும்; வெடிக்காமல் தப்பினாலும் உலைக்குள் கரைந்து போகும்.

கண்ணாடியைத் தாங்கும் தொட்டி

ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் விலக்கைக் கடந்தால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. அங்கே 2000-ஆம் ஆண்டு முதல் செயிண்ட் கோபைன் நிறுவனத்தின் தட்டைக் கண்ணாடித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலியவற்றை ஒரு பெரிய தொட்டி உலையில் கொட்டி, சுமார் 1500 முதல் 1600 டிகிரி வரை சூடாக்கிக் கண்ணாடியாக்குகிறார்கள். இத்தகைய உலையை ஒரு முறை பற்ற வைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அணைப்பதில்லை. தீபாவளிக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. அணைத்தால் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான டன் கண்ணாடி உறைந்துவிடும்.

அந்தத் தொட்டியின் சுவர் எதனால் ஆனது என்று கேட்டீர்களா? இரும்பு அந்தச் சூட்டில் உருகிவிடும். செங்கல்லோ, உருகிய கண்ணாடியில் மெல்லக் கரைந்துவிடும். கண்ணாடி சாதாரணத் திரவம் அன்று. வெந்நீரில் வெல்லம் கரைவது போல, பல கற்களை அது தன்னுள் கரைத்துக்கொள்ளும். கரைந்த கல் கண்ணாடியில் கோடாகவும் முடிச்சாகவும் தெரியும். சுவர் மெலிந்து ஓட்டை விழுந்தால் நெருப்பாறு போலக் கண்ணாடி வெளியே ஓடும். அங்கே வேலை செய்யும் தொழிலாளரின் உயிர் அந்தச் சுவரின் கனத்தில் இருக்கிறது.

வெப்பம் தாங்கும் கற்களை வழக்கமாகச் செய்யும் முறை நம் குயவர் முறைதான். பொடியைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுடுவார்கள். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனத்துக்கு வெப்பம் தாங்கும் கற்களுக்கான தொழிற்சாலை இருக்கிறது. சேலத்தின் வெள்ளைக்கல்லான மாக்னசைட்டும் இப்படிச் சுட்டே எஃகு உலைகளுக்குச் செங்கல்லாகிறது. சுட்ட கல்லில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்குமே தவிர, இடையிடையே நுண்ணிய துளைகள் இருந்தே தீரும். ஒரு சொட்டு மையைச் செங்கல்லில் விட்டுப் பாருங்கள், எப்படி உறிஞ்சுகிறது என்று! உருகிய கண்ணாடியும் அதே வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. களிமண் பாளங்களால் கட்டிய பழைய கண்ணாடித் தொட்டிகள் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் தாக்குப்பிடித்தன.

துளையே இல்லாத கல் வேண்டுமானால் என்ன செய்வது? கல்லையே உருக்கி, வெண்கலம் போல அச்சில் வார்த்துவிடுவது! 1920-களில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் கார்டன் ஃபுல்ச்சர் என்ற பௌதிக அறிஞர் இதைத்தான் செய்தார். அலுமினாவும் சிலிக்காவும் கலந்த கல்லை மின்வில் உலையில் உருக்கி வார்த்தார். பின்னர் 1940-களில் சிர்கோனியா என்னும் மூன்றாவது பொருளும் சேர்ந்தது. இன்று உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துக் கட்டப்படுவது இந்த மூன்றும் சேர்ந்த பாளமே. ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ஏ.இசட்.எஸ். என்பார்கள். நமக்கு அருகில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் இவ்வகைப் பாளங்களை வார்க்கும் ஆலை உண்டு.

மணலும் குருந்தமும்

இந்தக் கல்லின் மூலப்பொருள்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. அலுமினா படிகமானால் அதன் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று சொல்வது நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதிப் பாறைகளில் இயற்கைக் குருந்தம் கிடைக்கிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி வைத்து எண்ணத்தக்கது. மோஸ் அளவில் 9. உருகுநிலை சுமார் 2050 டிகிரி.

சிர்கோனியா, சிர்கான் என்ற மணலிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட் முதலியவற்றோடு சிர்கானும் கலந்திருக்கிறது. இந்திய அரு மண் நிறுவனம் அங்கே அவற்றைப் பிரித்தெடுக்கிறது. சிர்கான் என்பது சிர்கோனியாவும் சிலிக்காவும் சேர்ந்த கூட்டுப்பொருள்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிர்கோனியாவின் மூலக்கூறு எடை 123, சிலிக்காவினுடையது 60. ஆகவே 183 கிராம் சிர்கானில் 123 கிராம், அதாவது மூன்றில் இரண்டு பங்கு சிர்கோனியா. நமக்கு 100 கிலோ கல்லில் 33 கிலோ சிர்கோனியா வேண்டும் என்று கொள்வோம். அதற்கு 49 கிலோ சிர்கான் மணல் வேண்டும். அதோடு தானாகவே 16 கிலோ சிலிக்கா வந்து சேரும். மிச்சத்துக்கு அலுமினா ஏறத்தாழ 50 கிலோ. சோடியம் ஆக்சைடு ஒன்றேகால் கிலோ. சந்தையில் மிகுதியாக விற்கும் ஏ.இசட்.எஸ். பாளத்தின் கலவை ஏறக்குறைய இதுவேதான். மணலில் இயற்கை வைத்த விகிதமே தொழிற்சாலையின் விகிதமாகிவிட்டது! 41 சதவீதம் சிர்கோனியா உள்ள உயர்ரகப் பாளத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சிர்கானை மட்டும் போட்டால் சிலிக்கா 20 கிலோவாக ஏறிவிடும். தனியாகச் சிர்கோனியா வாங்கிச் சேர்க்க வேண்டும். அதனால்தான் அதன் விலையும் கூடுகிறது.

சிர்கோனியா தனியாக உருக 2700 டிகிரி வேண்டும். குருந்தத்துக்கு 2050. இரண்டையும் கலந்தால் எத்தனை டிகிரியில் உருகும்? இடைப்பட்ட ஓர் எண்ணைச் சொல்லத் தோன்றும். ஆனால் சரியான விகிதத்தில் கலந்தால் சுமார் 1860 டிகிரியிலேயே, அதாவது இரண்டின் உருகுநிலைக்கும் கீழேயே உருகிவிடுகிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் கையிலுள்ள சால்டரிங் ஈயமும் இதே இனம்தான். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இரண்டும் சேர்ந்த பற்று 183 டிகிரியில் உருகும். பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தால் குளிர் இன்னும் இறங்குவதும் இந்த இனமே. இவ்வாறு மிகக் குறைந்த சூட்டில் உருகும் கூட்டு உறையும்போது, இரு பொருள்களும் ஒரே நேரத்தில் பிரிந்து, பாயின் கோரையும் நூலும் போல ஒன்றையொன்று பின்னிக்கொண்டு படிகமாகும். பாளத்தின் வலிமையில் பெரும்பங்கு இந்தப் பின்னலுக்கே உரியது.

உருக்குவது மின்வில் உலையில். கிராஃபைட் தண்டுகளுக்கும் கலவைக்கும் இடையே வில் பாய்கிறது. 1900 டிகிரியில் கொதிக்கும் இந்தக் குழம்பை வைக்க உலைக்கு உட்சுவர் எதனால் அமைப்பது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடையும் எளிது: அதே கல்லால்! உலையின் எஃகுக் கூட்டின் மேல் வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரை ஒட்டிய குழம்பு உறைந்து ஓடாகிவிடும். அந்த ஓடே உள்ளிருக்கும் குழம்புக்குப் பாத்திரமாகிறது. கிராஃபைட் தண்டுகளைக் குழம்பில் தோய விடக்கூடாது என்பது பின்னாளில் கற்ற பாடம். தோய்ந்தால் கரி குழம்பில் கலந்து, பிற்பாடு வாயுக் குமிழ்களை உண்டாக்கும். ஆகவே தண்டுகளை மேலே தூக்கி, நீண்ட வில்லால் உருக்கி, ஆக்சிஜனும் ஊதுகிறார்கள்.

விதை விழுவதும் வளர்வதும்

படிகம் பிறப்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். ஆசிரியரைக் கேட்டு ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் படிகங்களை ஒரு சுத்தமான சோதனைக் குழாயில் பாதி அளவு எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை வெந்நீரில் நிறுத்துங்கள். 48 டிகிரியில் ஹைப்போ தன் படிக நீரிலேயே உருகித் தெளிந்த திரவமாகும். வாயைப் பஞ்சால் மூடி, ஆடாமல் அசையாமல் ஆற விடுங்கள். அறையின் சூட்டுக்கு வந்த பின்னும் அது உறையாமல் திரவமாகவே இருக்கும். இப்போது பஞ்சை எடுத்து ஒரே ஒரு ஹைப்போ படிகத்தை உள்ளே போடுங்கள். அந்தப் படிகத்திலிருந்து ஊசிகள் கிளம்பிக் குழாய் முழுவதும் பரவுவதைக் கண்ணாரக் காணலாம். குழாயைத் தொட்டால் சூடாகவும் இருக்கும். உறையும் பொருள் தன் உள்ளுறை வெப்பத்தை வெளியே விடுகிறது.

இன்னொரு குழாயில் ஒரு படிகத்துக்குப் பதிலாக ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவிப் பாருங்கள். நீண்ட ஊசிகள் வாரா. நூறு இடங்களில் ஒரே சமயத்தில் வளர்ச்சி தொடங்கி, ஒன்றை ஒன்று இடித்து நின்றுவிடும். கிடைப்பது நுண்படிகக் கட்டி. விதை அதிகமானால் படிகம் சிறிது.

உருகிய கல்லில் யாரும் விதை தூவுவதில்லை. ஆறும்போது அணுக்கள் தாமாகவே கூடி விதையாகின்றன. ஜெர்மன் அறிஞர் கஸ்டாவ் டாமன் இதை ஆராய்ந்து முக்கியமான உண்மை ஒன்றைக் காட்டினார். விதை மிகுதியாகப் பிறக்கும் வெப்பநிலை வேறு. விதை விரைவாக வளரும் வெப்பநிலை வேறு. வளர்ச்சிக்கு உகந்தது உருகுநிலையை ஒட்டிய அதிகச் சூடு. விதைப்புக்கு உகந்தது அதைவிடக் குறைந்த சூடு. குழம்பை மெதுவாக ஆற்றினால், விதைகள் சில மட்டுமே தோன்றிய நிலையில் அவை நிதானமாக வளர்ந்து பருத்துவிடும். விரைவாக ஆற்றினால், வளர அவகாசமின்றி விதைப் பகுதிக்குள் இறங்கி எண்ணற்ற நுண்படிகங்கள் உண்டாகும். மேலும் விரைந்து ஆற்றினால் அணுக்கள் கூடவே நேரமில்லாமல் திரவத்தின் ஒழுங்கின்மை அப்படியே இறுகிவிடும். அதற்குப் பெயர்தான் கண்ணாடி!

எல்லாக் குழம்பும் கண்ணாடியாவதில்லை. இளகிய குழம்பில் அணுக்கள் தாராளமாக நகரும். எவ்வளவு விரைந்து ஆற்றினாலும் படிகமாகிவிடும். அலுமினாவும் சிர்கோனியாவும் அத்தகையவை. சிலிக்காவோ தேன்பாகு போன்றது. அதன் அணுக்கள் நகர்வதற்குள் இறுகிப்போகும். சூடு குறையக் குறையப் பாகுத்தன்மை எப்படி ஏறுகிறது என்பதற்கு 1925-இல் ஒரு சமன்பாடு தந்தவர்களுள் மேலே சொன்ன அதே ஃபுல்ச்சர் ஒருவர். கல்லை வார்த்தவரே கண்ணாடியின் பாகையும் அளந்தவர் என்பது சுவையான செய்தி.

அச்சில் நடப்பது

குழம்பை அச்சில் ஊற்றியதும் சுவரை ஒட்டிய பகுதி முதலில் குளிர்ந்து நுண்படிகத் தோலாகிறது. அதற்கு உள்ளே படிகங்கள் சுவரிலிருந்து நடுவை நோக்கித் தூண்கள் போல நீள்கின்றன. நடுப்பகுதி கடைசியில் உறைகிறது. அங்கே படிகங்கள் பருமன். சிர்கோனியா படிகம் கனமானது, அடர்த்தி 5.8-க்கு அருகில். குருந்தம் 4. ஆகவே மெதுவாக உறையும் இடத்தில் சிர்கோனியா அடியில் தங்கிவிடவும் கூடும்.

இதே காட்சியை நம் வட்டாரப் பாறைகளில் இயற்கை எழுதி வைத்திருக்கிறது. பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் கருப்பு கிரானைட் என்ற பெயரில் வெட்டி எடுக்கும் கல் பெரும்பாலும் டாலரைட். பூமிக்கு அடியிலிருந்து வந்த குழம்பு பழைய பாறையின் வெடிப்பில் புகுந்து சுவர் போல உறைந்தது. அந்தச் சுவரின் ஓரத்துக் கல்லையும் நடுக்கல்லையும் ஒரு கைலென்ஸில் பாருங்கள். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் நுண்படிகம். நடுவே கண்ணுக்குத் தெரியும் படிகம். ஜோலார்ப்பேட்டைக்கு அருகிலுள்ள ஏலகிரி மலையோ சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் மிக நிதானமாக உறைந்த சயனைட் பாறை. ஆகவே அதன் படிகங்களைப் பார்க்க லென்ஸே வேண்டாம்.

தொழிற்சாலைக்கு ஏலகிரியின் பொறுமை கிடையாது. ஆனாலும் ஓரளவு பொறுமை காட்டியே ஆக வேண்டும். வார்த்த பாளத்தைத் திறந்த வெளியில் ஆற விட்டால், வெளிப்புறம் குளிர்ந்து சுருங்கும்; உட்புறம் இன்னும் சூடாக விரிந்து நிற்கும். கொதிநீர் ஊற்றிய கனத்த கண்ணாடித் தம்ளர் போலப் பிளந்துவிடும். எனவே பாளத்தைச் சூடு கடத்தாத பொடிக்குள், பெரும்பாலும் அலுமினாப் பொடிக்குள், புதைத்து வைக்கிறார்கள். பாளத்தின் கனத்தைப் பொறுத்து ஒரு வாரம், இரண்டு வாரம், அதற்கு மேலும் ஆகும். கனம் இரு மடங்கானால் ஆறும் நேரம் இரு மடங்கு ஆகாது; நான்கு மடங்கு ஆகும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள கல் ஒரு நாளில் ஆறுமானால், அதே நிலைமையில் 40 சென்டிமீட்டர் கனம் 16 நாள் கேட்கும்.

உறையும்போது கல் சுருங்குகிறது. (தண்ணீர் மட்டும்தான் உறையும்போது விரிந்து நம்மை ஏமாற்றும் விசித்திரப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம், சற்றுப் பின் இன்னொன்றைக் காண்போம்.) வெளித்தோல் முதலில் இறுகிவிடுவதால், சுருங்கிய அளவுக்கு உள்ளே பொந்து விழுகிறது. எவ்வளவு பெரிய பொந்து? பொந்தில்லாத ஏ.இசட்.எஸ். கல்லின் அடர்த்தி சுமார் 3.7. சாதாரணமாக வார்த்த முழுப் பாளத்தின் சராசரி 3.4. ஆகவே பொந்தின் பங்கு 3.7-இல் 0.3, அதாவது சுமார் 8 சதவீதம். 40 சென்டிமீட்டர் கனமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாளத்தின் கொள்ளளவு 288 லிட்டர். எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் பொந்து மட்டும் 23 லிட்டர்! ஒன்றரைக் குடம் தண்ணீர் பிடிக்கும்.

கோயம்புத்தூர் வார்ப்படத் தொழிலாளர்கள் இரும்புக்குச் செய்யும் வைத்தியமே இதற்கும். அச்சின் மேல் ‘ரைசர்’ என்ற கூடுதல் குழம்புத் தொட்டி வைத்து, கடைசியில் உறையும் இடத்தை அங்கே கொண்டு போய்விட வேண்டும். பின்பு பொந்துள்ள அந்தத் தலையை வைர ரம்பத்தால் அறுத்து எறியலாம். செலவு அதிகம். செலவைக் குறைக்க விரும்பினால் அச்சைச் சாய்த்து வார்த்து, பொந்தைக் கண்ணாடி தொடாத ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். உலை கட்டும் கொத்தனார் பாளத்தின் எந்த முகம் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதில் கறாராக இருப்பதன் காரணம் இதுதான். நுண்படிகமுள்ள தோல் முகம் உள்ளே; பொந்து இருக்கும் பக்கம் வெளியே. திருப்பி வைத்தால் அத்தனை உழைப்பும் வீண்.

சிர்கோனியாவின் குறும்பு

இப்போது அந்த விசித்திரப் பொருளுக்கு வருவோம். பாளம் முழுவதும் உறைந்து, பொடிக்குள் நிதானமாக ஆறிக்கொண்டிருக்கிறது. ஆபத்து நீங்கியது என்று நினைக்கும் வேளையில், சுமார் 1000 டிகிரியில், திடநிலையிலேயே சிர்கோனியா படிகம் தன் அணு அடுக்கை மாற்றிக்கொள்கிறது. நிமிர்ந்து நின்ற செங்கட்டம் சாய்ந்த கட்டமாகிறது. அப்போது அதன் கொள்ளளவு 4 முதல் 5 சதவீதம் கூடுகிறது. சுற்றியிருப்பதெல்லாம் சுருங்கும்போது இது மட்டும் விரிகிறது! சுத்தச் சிர்கோனியாவை வார்த்தால் இந்த இடத்தில் நொறுங்கிப்போகும்.

நம் கல் ஏன் நொறுங்குவதில்லை? படிகங்களுக்கு இடையே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிலிக்காக் கண்ணாடி நிரம்பியிருக்கிறது. 1000 டிகிரி அளவில் அந்தக் கண்ணாடி முற்றிலும் இறுகாமல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் போல, விரியும் சிர்கோனியாவுக்கு அது மெத்தையாகிறது. படிகமாகும் பொருளைக் கட்டுப்படுத்துவதைப் போலவே, ஒரு பொருள் படிகமாகாமல் பார்த்துக்கொள்வதும் இத்தொழிலின் பாதி வேலை.

ஒன்றேகால் கிலோ சோடியம் ஆக்சைடு எதற்கென்று இப்போது விளங்கும். அது இல்லாவிட்டால் சிலிக்கா சும்மா இருக்காது. அலுமினாவோடு சேர்ந்து முல்லைட் என்ற ஊசிப் படிகமாகிவிடும். கண்ணாடி மெத்தை காணாமற்போகும், பாளம் வெடிக்கும். சிறிதளவு சோடியம், சிலிக்காவை முல்லைட் ஆகவிடாமல் கண்ணாடியாகவே நிறுத்தி வைக்கிறது. நூறில் ஒரு பங்குப் பொருள் ஒரு டன் பாளத்தைக் காப்பாற்றுகிறது. அதற்காகச் சோடியத்தை வாரிப் போட்டுவிடவும் கூடாது. மெத்தை மிகவும் இளகினால், பின்பு உலையில் 1400 டிகிரிக்கு மேல் சூடேறும்போது கல்லின் முகத்திலிருந்து வியர்வை போல வழிந்து, தயாராகும் கண்ணாடியைக் கெடுக்கும். கலவை போடுபவர் இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவேதான் நிற்கிறார்.

தோலின் குரோமியமும் கல்லின் குரோமியமும்

ஏ.இசட்.எஸ்.-ஐவிடக் கண்ணாடியில் குறைவாகக் கரையும் வார்ப்புக் கல் ஒன்று உண்டு. அது குரோமியம் ஆக்சைடும் அலுமினாவும் சேர்ந்தது. கண்ணாடி இழை செய்யும் உலை போன்ற கடுமையான இடங்களுக்கு அதை வைக்கிறார்கள். குரோமியம் அணு அலுமினியம் அணுவின் இடத்தில் ஏறக்குறையப் பொருந்தி உட்கார்ந்துவிடும். ஆகவே இரண்டும் தனித்தனிப் படிகமாகப் பிரியாமல் ஒரே படிகமாக உறையும். இது நீங்கள் அறிந்த பொருள்தான். குருந்தத்தில் சிறிது குரோமியம் இருந்தால் அது மாணிக்கம்! உலைச் சுவருக்கு மாணிக்கத்தின் உறவினரை வைத்துக் கட்டுகிறோம் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் நிறத்தைத் தெளிவான கண்ணாடிக்குக் கொடுத்துவிடும் என்பதால் ஜன்னல் கண்ணாடி உலையில் கண்ணாடி தொடும் இடத்தில் இதை வைப்பதில்லை.

குரோமியம் என்றதும் ஆம்பூர் மாணவர் நிமிர்ந்து உட்காருவார். தோலைப் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்ட காலம் போய், பேஸிக் குரோமியம் சல்ஃபேட் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. டிரம்மிலிருந்து நீலம் பாய்ந்து வெளிவரும் ‘வெட் புளூ’ தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். கல்லில் இருப்பதும் அதே மூன்று இணைதிறன் குரோமியம். இரண்டிலும் அது இறுகக் கட்டுண்டு இருக்கிறது. ஒன்றில் தோலின் புரத இழையோடு, மற்றொன்றில் குருந்தப் படிகத்தோடு.

கட்டு அவிழ்ந்தால்தான் தொல்லை. குரோமியம் ஆக்சைடைக் காற்றுப்பட, சோடா போன்ற காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஆறு இணைதிறனுள்ள மஞ்சள் குரோமேட்டாக மாறும். இது நீரில் கரையும், நஞ்சு, புற்றுநோயும் உண்டாக்கும். தோல் பதனிடும் உப்பைத் தயாரிப்பதே இந்த வழியில்தான் தொடங்குகிறது: குரோமைட் தாதுவைச் சோடாவோடு வறுத்து முதலில் குரோமேட் எடுப்பார்கள். ராணிப்பேட்டையில் இந்த வேலையைச் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். மூடிய பின்னும் மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடி நீரில் கலந்து வந்திருக்கிறது. தோல் ஷாப்புகளின் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி அதில் சட்டமாக நிலைபெற்றது.

கண்ணாடி உலையிலும் காரம் உண்டு, காற்றும் உண்டு, சூடும் உண்டு. பத்தாண்டு வேலை செய்து ஓய்ந்த குரோமியக் கல்லின் முகத்தில் மஞ்சள் பூத்திருந்தால் அது குரோமேட்டே. ஆகவே உலையை இடிக்கும்போது கற்களைப் பிரித்து அடுக்குகிறார்கள். தேய்ந்த ஏ.இசட்.எஸ். பாளங்களிலிருந்து கண்ணாடி ஒட்டிய முகத்தைச் செதுக்கிவிட்டு, மிச்சத்தை உடைத்து மறுபடி மின்வில் உலையில் போட்டுப் புதிய பாளம் வார்க்கலாம். குரோமியக் கற்களை அபாயக் கழிவு என்ற கணக்கில் தனியே மூடி வைத்து, மழைநீர் படாமல் ஏற்றி அனுப்ப வேண்டும்.